முதல் வண்டியும் முரட்டு வண்டியும்



என் தங்கையின் கணவர் ஆம்பூரில் காலணித் தொழில் செய்து வருபவர். அவர்களுடைய மகனுக்குச் சென்ற ஆண்டு 18 வயது நிறைந்தது. வேலூரில் ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆம்பூரிலிருந்து வேலூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். நாள்தோறும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று பையன் கேட்டான்; தந்தையும் இசைந்தார். என்ன வண்டி என்று நான் வினவியபோது, அவன் சிறிதும் தயங்காமல், "ஜீப்பு மாதிரி ஒரு முரட்டு வண்டிதான் மாமா வேண்டும். அது எங்கும் போகும், எதில் இடித்தாலும் நமக்கு ஒன்றும் ஆகாது" என்றான்.

எங்கும் போகும் என்பது ஒன்று. நமக்கு ஒன்றும் ஆகாது என்பது மற்றொன்று. இந்த இரண்டு நம்பிக்கைகளும் அவனுக்கு மட்டும் உரியவை அல்ல. கல்லூரி வாயிலில் நிற்கும் இளைஞர் பலரிடமும் இவற்றைக் கேட்கலாம். இவற்றில் உண்மை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். இரண்டாம் உலகப்போரின் தேவைக்காக அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது ஜீப்பு. 1941 முதல் போர் முடியும்வரை, வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. அதன் எஞ்சினுக்கு 60 குதிரைத் திறனே உண்டு. சேற்றிலும் மணலிலும் மலைச் சரிவிலும் ஆளையும் கருவியையும் கொண்டு சேர்ப்பதே அதன் பணி; விரைவு அதன் பணியன்று. நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மகிந்திரா நிறுவனம், விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் வந்தபின், சாலையே காணாத சிற்றூர்களுக்கு அரசாங்கம் வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஜீப்பில்தான். அந்த மரபில் வந்தவையே இன்றைய தார், கூர்க்கா, ஜிம்னி போன்ற வண்டிகள்.

கரடுமுரடான நிலத்தில் செல்லும் வண்டிக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. அதன் வயிறு தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் கல்லில் தட்டும். 2020-இல் வெளிவந்த தார் வண்டியில் இந்த இடைவெளி 226 மில்லிமீட்டர். இரண்டாவதாக, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் ஆற்றல் செல்ல வேண்டும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்றொன்று பற்றி இழுக்கும். மூன்றாவதாக, மிக மெதுவாகவும் மிகுந்த இழுவையுடனும் ஏறுவதற்கான தனிப் பல்சக்கர அமைப்பு வேண்டும். இம்மூன்றும் காட்டிலும் மலையிலும் வரப்பிரசாதங்கள். ஆனால், என் மருமகன் செல்லவிருப்பது காடா, மலையா? சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. அங்கே இந்த மூன்று வரங்களும் என்ன ஆகின்றன என்பதுதான் கேள்வி.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டியையும், வைக்கோல் ஏற்றிய மாட்டு வண்டியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடையில் நெல் வண்டியே பெரிது. ஆயினும் ஒரு சக்கரம் வரப்பில் ஏறினால் சாய்வது வைக்கோல் வண்டிதான். காரணம், அதன் எடை மையம் உயரத்தில் இருக்கிறது. இதனை ஓர் எளிய கணக்கால் அளக்கலாம். இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, எடை மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். சக்கர இடைவெளி 148 சென்டிமீட்டராகவும் எடை மையத்தின் உயரம் 54 சென்டிமீட்டராகவும் உள்ள ஒரு காருக்கு விடை ஏறத்தாழ 1.37. இடைவெளி 152, உயரம் 70 என்று வைத்துக்கொண்டால் விடை 1.09 தான். எண் குறையக் குறைய, வண்டி கவிழும் வாய்ப்பு மிகும். அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை இந்த எண்ணைக் கொண்டே வண்டிகளைத் தரம் பிரிக்கிறது. சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரையிலும், உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரையிலும் அமைகிறது என்பது அத்துறையின் கணிப்பு.

வெறும் எண்ணைச் சொன்னால் மனத்தில் தைக்காது. ஆகவே, பலரிடம் கூறத் தயங்கிய ஒரு செய்தியை இங்கே கூறுகிறேன். 1994-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். எனக்கு வயது 19. உரிமம் பெற்று மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. தெரிந்தவர் ஒருவருடைய பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு, நண்பர்கள் நால்வரை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் புறப்பட்டேன். அது கித்தான் கூரை போட்ட வண்டி. பின்புறம் இருபக்கமும் பலகை இருக்கைகள். அந்நாளில் அது குறுகிய இருவழிச் சாலை. மாதனூரைத் தாண்டியதும் தூறல் தொடங்கியது. எதிரே ஒரு பேருந்து வந்தது. ஒதுங்கினேன். இடப்பக்கச் சக்கரங்கள் தாரை விட்டு இறங்கிவிட்டன. தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம். பதறிப்போய்த் திசைமாற்றுச் சக்கரத்தை வலப்புறம் ஒடித்தேன். சக்கரம் விளிம்பில் சிக்கி, பிறகு திடீரென்று ஏறியது. வண்டி சாலையின் குறுக்கே பாய்ந்தது. மறுபடியும் பதறி இடப்புறம் ஒடித்தேன். அவ்வளவுதான்; வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தது.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. வலப்பக்கப் பலகையில் அமர்ந்து, பக்கக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டிருந்த என் நண்பனின் கை கம்பிக்கும் சாலைக்கும் இடையே அகப்பட்டது. மூன்று விரல்கள் போயின. அவன் அப்போது தோல் வெட்டும் வேலை பழகிக்கொண்டிருந்தான். தோலின் எந்தப் பகுதி இழுத்தால் நீளும், எந்தப் பகுதி நீளாது, எங்கே வடு இருக்கிறது என்பதை விரலால் தடவியே அறிவது அந்த வேலை. கண்ணைவிட விரல் முக்கியம். அதன் பிறகு அவன் கத்தியைத் தொடவில்லை. இன்று ஒரு தொழிற்சாலையில் சரக்குக் கணக்கு எழுதுகிறான். இடக்கையால் எழுதக் கற்றுக்கொண்டான். என்னை ஒருநாளும் அவன் குறை கூறியதில்லை. "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று என் மருமகன் சொன்னபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் கைதான். ஆம்; வண்டியை ஓட்டிய எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று நான் செய்திருக்க வேண்டியது என்ன? முடுக்கியிலிருந்து காலை எடுத்து, திசைமாற்றுச் சக்கரத்தை நேராகப் பிடித்து, மண்ணிலேயே சிறிது தூரம் ஓடவிட்டு, வேகம் தணிந்தபின் மெல்ல மேலேற்றியிருக்க வேண்டும். மூன்று மாத ஓட்டுநனுக்கு அந்த நிதானம் வராது. அதுதான் இங்கே கருத வேண்டிய செய்தி. ஒற்றை வண்டி கவிழும் விபத்துகளில் மிகப் பெரும்பாலானவை, சக்கரம் மண்ணிலோ விளிம்பிலோ தடுக்கி நிகழ்பவையே. தாழ்ந்த காரும் அந்த இடத்தில் தடுமாறியிருக்கும். ஆயினும் கவிழாமல் சுழன்று நின்றிருக்க வாய்ப்பு மிகுதி. பழகாத கை செய்யும் பிழையைத் தாழ்ந்த வண்டி ஓரளவு பொறுக்கும். உயர்ந்த வண்டி அவ்வளவு பொறுக்காது.

இனி, வலிமை பற்றிய நம்பிக்கையை நேர்மையாக எடைபோடுவோம். இன்றைய முரட்டு வண்டி 1994-இன் கித்தான் ஜீப்பு அன்று. 2020-இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில், தார் வண்டி பெரியவர் பாதுகாப்பிலும் குழந்தைகள் பாதுகாப்பிலும் நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. 2024-இல் அதன் ஐந்து கதவு வடிவம் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரங்கள் பெற்றது. காற்றுப்பைகள் உள்ளன, இருக்கைகள் முன்னோக்கி அமைந்துள்ளன. வண்டி சறுக்கத் தொடங்கும்போது தேவையான சக்கரத்தை மட்டும் தானே தடுத்து, வண்டியை நேர்வழிக்குக் கொணரும் மின்னணு நிலைப்புக் கருவியும் இன்று உண்டு. உயரமான வண்டிகள் கவிழ்வதைப் பெரிதும் குறைத்த கருவி இது. அமெரிக்காவில் 2012 மாதிரியாண்டு முதல் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. மிகச் சிறிய, எடை குறைந்த கார் இளைஞருக்கு ஏற்றதன்று என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அறிஞர்கள் கூறுவதையும் மறைக்கலாகாது. மோதலில் எடை மிகுந்த வண்டிக்குள் இருப்பவர்களுக்கே காப்பு மிகுதி.

ஆனால், இந்தக் காப்பு வண்டிக்கு உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே இருப்பவர்களை நினைத்துப் பார்க்க வேண்டாமா? மாலையில் ஆம்பூர் வழியே சென்றவர்கள் அக்காட்சியைக் கண்டிருப்பார்கள். காலணித் தொழிற்சாலைகளில் வேலை முடியும் நேரத்தில், கையில் சோற்றுப் பாத்திரத்துடன் பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளிவருவார்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள், சாலையைக் கடப்பார்கள். தாழ்ந்த கார் ஒருவரை மோதினால் பெரும்பாலும் காலில் படுகிறது. உயர்ந்து நிமிர்ந்த முகப்புள்ள வண்டி மோதினால் நெஞ்சிலும் தலையிலும் படுகிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை அளந்து கூறுகிறது. முகப்பின் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேற்பட்ட வண்டிகள் பாதசாரியை மோதும்போது, 76 சென்டிமீட்டருக்குள் சரிந்த முகப்புள்ள கார்களைக் காட்டிலும் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு 45 விழுக்காடு மிகுதி. இத்துடன் வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஓட்டுநர் தடையை மிதிக்க எண்ணும் ஒரு நொடிக்குள்ளேயே வண்டி 28 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை நீங்கள் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

நான்கு சக்கர இழுவை பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அது வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களிலும் தடை நான்கு சக்கரங்களுக்கும்தான் செல்கிறது. மழையில் நனைந்த தார்ச் சாலையில், நான்கு சக்கர இழுவையுள்ள வண்டி நம்பிக்கையுடன் விரைவு கொள்ளும். நிற்க வேண்டிய கட்டம் வரும்போது மற்ற வண்டிகளைப் போலவே வழுக்கும். இழுவை தந்த துணிவே அங்கு ஆபத்தாக முடிகிறது.

வெள்ளத்தைக் கடப்பதும் இத்தகையதே. 650 மில்லிமீட்டர் ஆழமுள்ள நீரில் செல்லலாம் என்று தார் வண்டிக்குக் கூறப்படுகிறது. அது தேங்கிய நீருக்கான அளவு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து, தரைப்பாலங்கள் மூழ்கியதை வேலூர்ப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே சிறு காரை இழுத்துச் செல்லும். 60 சென்டிமீட்டர் இருந்தால் பெரும்பாலான பெரிய வண்டிகளையும் கொண்டுபோகும். பாலத்தின் மேல்தளம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டிருந்தால், கலங்கல் நீருக்கு அடியில் அது தெரியவும் தெரியாது. எங்கும் போகும் என்று நம்பி இறங்குபவன்தான் அங்கே அகப்படுகிறான்.

அப்படியானால் இந்த வண்டி வீணானதா? ஒருபோதும் இல்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்து அல்லேரி மலை இருக்கிறது. 2023 மே மாதம், அங்குள்ள ஒரு சிற்றூரில் குழந்தை ஒன்றைப் பாம்பு தீண்டியது. முறையான சாலை இல்லாமையால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதில் காலம் தாழ்ந்தது, குழந்தை இறந்தது. திரும்பும்போதும் ஊர்தி பாதியிலேயே நின்றுவிட, குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு தாய் மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்தாள். இச்செய்தியை நாளேடுகளில் படித்தபோது என் நெஞ்சு கனத்தது. உயர்ந்த வயிறும், நான்கு சக்கர இழுவையும், மெல்ல ஏறும் பல்சக்கரமும் யாருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதற்கு அந்தப் பாதையே விடை. அந்த மலையில், பழகிய ஓட்டுநன் கையில், இவ்வண்டி ஓர் உயிரைக் காக்கக்கூடும். நெடுஞ்சாலையில் கல்லூரி வாயிலுக்குச் செல்ல அது வேண்டியதில்லை.

இதனை என் மைத்துனர் தம் தொழில்மொழியிலேயே சொன்னார். அவர்களுடைய கூடத்தில், சுரங்கத் தொழிலாளிக்கு இரும்பு முனை வைத்த கனத்த பாதணியும் செய்கிறார்கள். ஓட்டப்பந்தயப் பிள்ளைக்கு மெல்லிய காலணியும் செய்கிறார்கள். "இரண்டும் நல்ல சரக்குதான். முதலில் கால் அளவையும் வேலையையும் கேட்போம். அப்புறம்தான் தோலை எடுப்போம். இரும்பு முனைப் பாதணியைப் போட்டுக்கொண்டு எவனாவது நடை பழகுவானா?" என்று மகனிடம் கேட்டார். பையன் சிரித்துவிட்டான்; சிந்திக்கவும் தொடங்கினான்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்வது நல்லது. நம் நாட்டில் 18 வயது நிறைந்தவரே கார் ஓட்டலாம். முதலில் பழகுநர் உரிமம். உரிமம் பெற்ற ஒருவர் அருகில் அமர, சிவப்பு எழுத்துப் பலகையுடன் பழக வேண்டும். வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. மேலும், பதிவேட்டில் உள்ளபடி அல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதையும் சட்டம் தடுக்கிறது. பெரிய சக்கரம் மாட்டி, உடலை உயர்த்தி, பார்வைக்கு மிடுக்காக்கும் இளைஞர்கள், சற்றுமுன் நாம் போட்ட கணக்கை நினைவுகூர வேண்டும். உயர்த்தும் ஒவ்வோர் அங்குலமும் கவிழ்வதற்கான வாய்ப்பை மிகுக்கிறது.

சட்டம் கூறாத ஒரு கட்டுப்பாட்டை நீங்களே விதித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அமெரிக்காவில், ஓட்டிய தூரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், 16 முதல் 19 வயதுவரை உள்ள ஓட்டுநர்கள் உயிரிழப்பு விபத்தில் சிக்குவது, 20 வயதுக்கு மேற்பட்டோரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒத்த வயது நண்பர்கள் ஏறிக்கொண்டால் ஆபத்து மேலும் கூடுகிறது. ஆகவே அங்குப் பல மாநிலங்களில், முதல் மாதங்களில் இளைய ஓட்டுநர் நண்பர்களை ஏற்றுவதற்கும் இரவில் ஓட்டுவதற்கும் வரம்பு விதித்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் நண்பர் கூட்டத்தை ஏற்றாதிருத்தல், இரவிலும் மழையிலும் நெடுஞ்சாலையைத் தவிர்த்தல், எல்லா இருக்கைகளிலும் வார் அணியாமல் வண்டியைக் கிளப்பாதிருத்தல் ஆகிய மூன்றும் எந்த வண்டிக்கும் பொருந்தும். அன்று என்னிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.

முதல் வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், ஓர் ஆசிரியரைப் போல் இருக்க வேண்டும் என்பேன். மிகச் சிறியதாகவும் வேண்டாம், மிகப் பெரியதாகவும் வேண்டாம். தாழ்ந்ததாக, சுற்றிலும் பார்வை தெளிவாக, மோதல் சோதனையில் நல்ல மதிப்புப் பெற்றதாக, காற்றுப்பையும் நிலைப்புக் கருவியும் உடையதாக, மிகுந்த குதிரைத் திறன் இல்லாததாக இருந்தால் போதும். மலைப்பகுதியில் வீடோ நிலமோ உள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவனுக்கு வேறு வண்டி உதவாது. அவனும் வீட்டுப் பெரியவர் அருகிருக்க, குறைந்த வேகத்தில், அந்தப் பாதையிலேயே முதலில் பழகட்டும்.

என் மருமகன் என்ன முடிவு செய்தான் என்று அறிய நீங்கள் விரும்பலாம். நான் அவனை என் நண்பனிடம் அழைத்துச் சென்றேன். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். விபத்தைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் இடக்கையால் கணக்கெழுதுவதைப் பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது வாரநாட்களில் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் சென்று வருகிறான். ஞாயிறுதோறும் தந்தையின் பழைய காரில், தந்தை பக்கத்தில் அமர, ஓட்டப் பழகுகிறான். ஜீப்பின் மேலுள்ள ஆசை போய்விடவில்லை. போக வேண்டும் என்று நானும் விரும்பவில்லை. ஓட்டக் கற்ற பின், ஏலகிரியின் 14 கொண்டையூசி வளைவுகளிலும், அதற்கப்பால் சவ்வாது மலைப்பாதையிலும் அவன் அதை ஓட்டுவான். அவனருகே நானும் அமர்வேன்.

இளைஞர்களே, வண்டியின் வலிமையை உங்கள் வலிமை என்று எண்ணாதீர்கள். வண்டி எதையும் தாங்கலாம். உடன் வருபவனின் விரலும், சாலையைக் கடப்பவளின் நெஞ்சும் தாங்கமாட்டா. அதை உணர்ந்த கைக்கு எந்த வண்டியையும் ஒப்படைக்கலாம்.